சாரல் முடிந்து ஷெட்டைத் திறந்தால் வண்டி எடுக்கவில்லை: கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீடு செங்கோட்டையிலிருந்து புளியரை போகிற வழியில், வயலை ஒட்டி இருக்கிறது. என்னிடம் இருப்பது 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. மே கடைசியில் ஷெட்டில் விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் பெங்களூரு போனோம். அக்டோபரில் வந்து சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்று மட்டும் சத்தம். பேட்டரியைக் கடையில் கொடுத்து ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு மாட்டினேன். இப்போது செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. சோக்கை இழுத்து, ஆக்சிலரேட்டரை மிதித்து மிதித்து அடித்ததில் ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை. டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. வந்து பார்த்த மெக்கானிக், கார்புரேட்டர் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார். மைத்துனரோ, கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோலை ஊற்றி அடி, இல்லாவிட்டால் நாலு பேரை வைத்துத் தள்ளு என்கிறார். எதைச் செய்வது? அடுத்த வருஷமும் மழைக்கு ஊரில் இருக்க மாட்டோம். அதற்கும் வழி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், செங்கோட்டை

பதில்:

ஐயா,

கார்புரேட்டரை மாற்ற வேண்டாம். வாயில் பெட்ரோல் ஊற்றவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். முதல் வேலையாகச் சாவியைத் திருப்புவதை நிறுத்துங்கள். அடிக்க அடிக்க நனைந்த பிளக் இன்னும் நனையும். சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் பூச்சைப் பெட்ரோல் கழுவிவிடும். சார்ஜ் ஏற்றிய பேட்டரியும் இறங்கிவிடும். ஒரு தடவைக்கு 5 விநாடி, மிஞ்சிப்போனால் 10. அடுத்த தடவைக்கு முன் அரை நிமிடமாவது பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும்.

நீங்கள் எழுதியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை வருகிறது என்றால், பெட்ரோல் இன்ஜின் வரை வந்து சேர்கிறது. வந்தும் எரியவில்லை. காரணம் இரண்டில் ஒன்று: கொளுத்துகிற கரன்ட் போதவில்லை, அல்லது வந்த பெட்ரோல் எரிகிற நிலையில் இல்லை. ஐந்து மாதம் சாரலில் நின்ற வண்டியில் இரண்டும் சேர்ந்தே இருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு விடுகிற கார்புரேட்டருக்குள் அழுக்கு கட்டாயம் இருக்கும். ஆனால் அழுக்கு பிடித்ததும் கெட்டுப்போனதும் ஒன்றல்ல. கூடவே வந்த பழைய கார்புரேட்டரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கிடைக்கிற டூப்ளிகேட்டை மாட்டினால், ஐடிலும், அதாவது ஆக்சிலரேட்டரில் கால் வைக்காதபோது இன்ஜின் ஓடுகிற நிதானமும், மைலேஜும் பழையபடி வரவே வராது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பானட்டைத் திறந்ததும் கையை விடாதீர்கள். வயல் பக்கத்து வீடு. ஒரு நீளக் குச்சியால் தட்டி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள். எலி இருந்த இடத்துக்குப் பாம்பு வரும். ஏர் ஃபில்டர் டப்பாவின் மூடியைத் திறந்தால் வைக்கோலும் பஞ்சும் துணிக்கிழிசலும் இருக்கலாம். அது எலிக்கூடு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிளக் வயர்களையும், பேட்டரி கரன்ட்டை ஸ்பார்க் விழும் அளவுக்கு உயர்த்துகிற காயிலுக்குப் போகிற மெல்லிய வயர்களையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். எலி கடித்த இடம் கண்ணுக்குப் படுவதற்கு முன் விரலுக்குத் தட்டுப்படும். அப்படியே பின்னால் போய்ச் சைலன்சர் வாயைப் பாருங்கள். குளவி மண்ணை வைத்து அடைத்திருந்தால் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் பிடிக்காது. ஸ்க்ரூடிரைவரால் குத்தி உள்ளே தள்ளாமல், வெளியே சுரண்டி எடுங்கள்.

அடுத்தது ரெண்டு நிமிட வேலை, யாரும் செய்வதில்லை. ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் கேப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காயிலின் பாசிட்டிவ் முனைக்கு வருகிற மெல்லிய வயரைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றிவிடுங்கள். இப்போது ஒருவர் செல்ஃப் அடிக்க, கேப்புக்கு அடியில் இருக்கிற ரோட்டார் சுழல்கிறதா என்று நீங்கள் பாருங்கள். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் கேம்ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றுவது, கேம்ஷாஃப்டைச் சுற்ற வைப்பது டைமிங் பெல்ட். செல்ஃப் சுற்றியும் ரோட்டார் அசையாவிட்டால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. அப்போது இந்தப் பதிலில் கீழே உள்ள எதுவும் பயன்படாது, வண்டியைக் கட்டி இழுத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். செல்ஃப் வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றுவதும் அதற்கு ஒரு அடையாளம். ‘நன்றாகச் சுற்றுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால்தான் முதலில் இதைப் பார்க்கச் சொல்கிறேன்.

ரோட்டார் சுழன்றால் பேட்டரிக்கு வாருங்கள். ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டதாலேயே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிடும். அதன்பின் வோல்ட் காட்டும், ஆனால் பாரம் தாங்காது. மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். சார்ஜரிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் கழித்து 12.6 இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் காயிலுக்குப் போக வேண்டிய கரன்ட் குறைந்து, செல்ஃப் சுற்றினாலும் ஸ்பார்க் செத்துவிடும். ‘செல்ஃப் சுற்றுது, வண்டி பிடிக்கல’ என்கிற புகாரில் இது நிறைய உண்டு. மூடி திறக்கிற பேட்டரி என்றால், ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரால் ஆறு செல்லையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த செல் போய்விட்டது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் வேண்டாம்.

பேட்டரி நன்றாக இருந்து வோல்ட் இறக்கம் அதிகமாக இருந்தால் எர்த்தை, அதாவது பேட்டரி நெகட்டிவுக்கும் இன்ஜினுக்கும் பாடிக்கும் உள்ள இணைப்பை, சந்தேகப்படுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, காயில் வயர் கழன்ற நிலையிலேயே செல்ஃப் அடியுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் துரு இருக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து பாடிக்கு வருகிற பின்னல் பட்டையைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள்.

இனி பிளக். மூன்று வயருக்கும் டேப் ஒட்டி 1, 2, 3 எண் எழுதிவிட்டுக் கழற்றுங்கள். கேப்பில் மாற்றிச் செருகினால் இருக்கிற கோளாறோடு இன்னொன்று சேரும். பிளக் நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் அது உங்கள் மிதிப்பால் வந்தது. இந்த வண்டியில் ஆக்சிலரேட்டரை ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் கார்புரேட்டர் ஒரு பீய்ச்சு பெட்ரோலை உள்ளே அடிக்கும், இன்ஜின் ஓடாவிட்டாலும் அடிக்கும். பிளக்கைத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் காயவைத்து, இடைவெளியை 0.7 முதல் 0.8 மி.மீ.க்குள் வைத்துக்கொள்ளுங்கள். பீங்கானில் கீறல் இருந்தால் மூன்றையும் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. பிளக் இல்லாமலே, காயில் வயர் கழன்றபடி, 5 விநாடி செல்ஃப் அடித்தால் சிலிண்டரில் தேங்கியது வெளியே வந்துவிடும். ஷெட் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும், பீடி, சிகரெட் பக்கத்தில் வர வேண்டாம். கால் மணி நேரம் ஆறவிட்டு, ஒவ்வொரு பிளக் துவாரத்திலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விடுங்கள். கழுவிப்போன பூச்சு திரும்ப வரும்.

டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். உள்ளே பனி மாதிரி ஈரம், முனைகளில் வெள்ளையோ பச்சையோ பூத்திருப்பது, ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பென்சிலால் கோடு போட்ட மாதிரி கரிக்கோடு, இந்த மூன்றில் எது இருந்தாலும் ஸ்பார்க் வழிதவறும். ஈரத்தைத் துணியால் துடைத்து அரை மணி வெயிலில் வைத்தால் போதும். பூத்ததைச் சுரண்டலாம். கரிக்கோடு விழுந்த கேப்பை மட்டும் காப்பாற்ற முடியாது, மாற்றுங்கள். நடுவில் இருக்கிற கரித்துண்டு உள்ளே அமுங்கி ஸ்பிரிங்கோடு திரும்ப வர வேண்டும். உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரில், காயிலின் கரன்ட்டை விட்டு விட்டு வெட்டுகிற தொடுமுனையான பாயிண்ட் இருந்தால், ஐந்து மாதத்தில் அதன் முகத்தில் மெல்லிய ஆடை படிந்திருக்கும். 400 நம்பர் உப்புத்தாளை மடித்து இடையில் விட்டு ரெண்டு இழுப்பு, பிறகு வெள்ளைத்தாள் ஒரு இழுப்பு, இடைவெளி 0.4 முதல் 0.5 மி.மீ. கருகிக் குழி விழுந்திருந்தால், பாயிண்ட் கருகாமல் காக்கிற கண்டன்சரையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

இதெல்லாம் முடிந்து, பெட்ரோல் வாடை அடங்கி, மூன்று பிளக்கையும் இறுக்கிய பிறகு ஸ்பார்க் பார்க்கலாம். காயில் வயரைத் திரும்பச் செருகுங்கள். வேறொரு பழைய பிளக்கை ஒரு வயரில் மாட்டி, பிளக் துவாரங்களுக்கும் கார்புரேட்டருக்கும் எட்டத்தில் இன்ஜின் இரும்போடு ஒட்டிப் படுக்க வையுங்கள். கையில் பிடிக்க வேண்டாம். செல்ஃப் அடித்தால் நீலமாக, ‘டிக் டிக்’ என்று காதில் விழும்படி பொறி விழ வேண்டும். மஞ்சளாக நூல் மாதிரி விழுந்தால் அது கம்ப்ரஷனுக்குள் நிற்காது. அப்போது காயிலின் பாசிட்டிவ் முனையில் சாவி ஆனில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்து, கண்டன்சர், காயில் என்று அந்த வரிசையில் போங்கள்.

பெட்ரோல் கதைதான் உங்கள் வண்டியில் பெரியது.

1997-இல் இந்த வண்டி வந்தபோது பங்கில் எத்தனால் கலக்காத பெட்ரோல் கிடைத்தது. இப்போது வருவதில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க் பகலில் சூடேறி மூச்சை வெளியே விடும், இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற சாரல் காற்றை அது ஜூனிலிருந்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த ஈரம் மட்டுமே பெட்ரோலைக் கெடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். டேங்க் மூடியின் ரப்பர் வெடித்து, ஷெட் ஒழுகி, தண்ணீரும் இறங்கியிருந்தால்தான் நிலைமை மோசம். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து, தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய் உட்காரும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அடியில்தான். அதனால் இன்ஜினுக்கு முதலில் போவது அந்தத் தண்ணீர்க் கலவை. தண்ணீரே இறங்காவிட்டாலும், பெட்ரோலில் சட்டென்று ஆவியாகிற லேசான பகுதி முதலில் பறந்துபோகும். குளிர்ந்த இன்ஜின் பிடிப்பதற்கு அதுதான் வேண்டும். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகும்.

கண்ணால் பார்த்துவிடலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பெட்ரோல் பம்புக்கு வருகிற ஹோஸைப் பிடுங்கி, கை பம்பால் 200 மில்லி எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். வாயால் உறிஞ்சாதீர்கள், நுரையீரலில் போனால் உயிருக்கே ஆபத்து. அடியில் கோடு பிரித்த மாதிரி தனிப் படலம் தெரிந்தால் அந்த டேங்க் பெட்ரோல் முழுக்க வீண். படலம் இல்லை, ஆனால் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருட்டி வார்னிஷ் வாடை அடிக்கிறது என்றாலும் இந்த இன்ஜினில் ஊற்றக் கூடாது. நிறமும் தெளிவும் சரியாக இருந்து, வாடையின் காரம் மட்டும் குறைந்திருந்தால் வெளியே எடுத்து வைத்து, வண்டி ஓட ஆரம்பித்த பின் 1 லிட்டருக்கு 5 லிட்டர் புதுசு என்ற கணக்கில் கலந்து தீர்க்கலாம்.

எப்படி இருந்தாலும் டேங்கைக் காலி செய்யுங்கள். 28 லிட்டர் டேங்கில் பாதிக்கு மேல் என்றால் 15 லிட்டராவது வரும். திறந்த வெளியில், இரும்பு கேனிலோ பெட்ரோலுக்கென்று உள்ள கேனிலோ பிடியுங்கள், தண்ணீர் பாட்டிலில் வேண்டாம். கெட்டதை வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள், கீழே நெல் நிற்கிறது. கழிவு ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுங்கள். பெட்ரோல் ஃபில்டரை மாற்றுங்கள். ரப்பர் ஹோஸ்களை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, ஊறி மெத்தென்று இருந்தாலோ, ஒரு துண்டை மாதிரிக்குக் கொண்டுபோய் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதாகக் கேட்டு வாங்குங்கள். சாதா ஹோஸ் எத்தனாலில் ஊறி உள்பக்கம் உரிந்து, அந்தத் தூள், கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற சிறு துவாரமான ஜெட்டில் போய் உட்காரும்.

கார்புரேட்டருக்கு வருவோம். அதற்குள் பெட்ரோல் தேங்குகிற சிறு கிண்ணம்தான் ஃப்ளோட் அறை, அதில் நிற்பது கொஞ்சம் பெட்ரோல்தான். அது சில வாரத்தில் ஆவியாகி, அடியில் தேன் மாதிரி ஒட்டுகிற பிசினை விட்டுப்போகும். ஈரம் பட்ட இடத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். முதலில் அடைபடுவது ஐடிலுக்கான ஸ்லோ ஜெட், அதன் துவாரம் ஊசி முனை அளவு. ஃப்ளோட் அறைக்குப் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடுகிற நீடில் வால்வு பிசினில் திறந்தபடி ஒட்டினால் பெட்ரோல் நிரம்பி வழியும், மூடியபடி ஒட்டினால் சொட்டுகூட வராது. உங்கள் ஷெட் வாடைக்கு மிதித்தது மட்டும் காரணமில்லை, திறந்தபடி ஒட்டிய நீடிலும் இருக்கலாம்.

கழற்றும் முன் ஹோஸ்கள் போகிற வழியைச் செல்போனில் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் மூடியைத் திறந்து, ஃப்ளோட்டை ஆட்டிப் பாருங்கள், உள்ளே பெட்ரோல் குலுங்கினால் ஓட்டை. பித்தளை ஜெட்களைச் சரியான அகல ஸ்க்ரூடிரைவரால் எடுத்து, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, காற்றடித்து, வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துவாரம் சுத்த வட்டமாக, ஓரம் பிசிறில்லாமல் தெரிய வேண்டும். ஊசி, கம்பி, குண்டூசி எதையும் விடவே விடாதீர்கள். பித்தளை மெத்து, ஒரு சுற்றுச் சுற்றினாலே துவாரம் பெரிதாகி அன்றிலிருந்து வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பிக்கும். தூண்டில் நைலான் இழை போதும். ரப்பர் சவ்வான டயாஃப்ரம் இருக்கிற பகுதிகளில் ஸ்பிரே படக் கூடாது. கேஸ்கட், நீடில் வால்வு, டயாஃப்ரம் அடங்கிய ரிப்பேர் கிட் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் கார்புரேட்டர் இன்னும் பல வருஷம் உழைக்கும். மெக்கானிக்கிடம் ‘மாற்ற வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்து கிட் போடுங்கள்’ என்று சொல்லி, கூட நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முன், ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால், அடித்த பெட்ரோல் ஆயிலில் இறங்கியிருக்கிறது, அல்லது மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் தேயும். பம்பைப் பார்த்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே சாவி. ரேடியேட்டர் தண்ணீர் மட்டத்தையும் அப்போதே பாருங்கள்.

புதுப் பெட்ரோல் 5 லிட்டர் போதும். கேரளத்தைவிட இங்கே விலை குறைவு என்பதால் அந்தப் பக்கத்து வண்டிகள் புளியரையில் வந்து நிரப்பும். சரக்கு தேங்காத அப்படிப்பட்ட பங்கில் வாங்குங்கள். சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலரேட்டரில் கால் வைக்காமல் 5 விநாடி அடியுங்கள். முதல் ரெண்டு மூன்று தடவை காலி ஃப்ளோட் அறையை நிரப்பவே போகும். பிடித்ததும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். மறுபடி நனைந்துவிட்டது என்று தோன்றினால் சோக்கை முழுக்க உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்துப் பிடித்தபடி அடியுங்கள், மிதித்து மிதித்து விட வேண்டாம். காற்று அதிகம் போய் ஈரம் கலையும்.

மைத்துனர் சொன்னதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். வாயில் பெட்ரோல் ஊற்றியபின் இன்ஜின் ஒருமுறை திருப்பி அடித்தால் தீ முகத்துக்கு வரும். தள்ளி ஸ்டார்ட் செய்வது பேட்டரி இல்லாத குறைக்கு மட்டும் மருந்து, உங்களுக்குச் செல்ஃப் சுற்றுகிறதே.

ஓடத் தொடங்கியதும் ரேஸ் செய்யாதீர்கள். ஆயில் லைட் சில விநாடியில் அணைய வேண்டும். சைலன்சரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையும் தண்ணீரும் வரும், அது உள்ளே தேங்கிய ஈரம், பயப்பட வேண்டாம். பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வந்தால் சார்ஜிங் சரி. ஹேண்ட் பிரேக் இழுத்து விட்டிருந்தால் பின் டிரம் ஒட்டியிருக்கும். இன்ஜினை உறுமவிட்டுப் பிய்க்காமல் மரச்சுத்தியலால் டிரம்மைச் சுற்றித் தட்டுங்கள். பிரேக் பிடிக்கிறதா என்று முற்றத்திலேயே பார்த்துவிட்டு ரோட்டுக்கு எடுங்கள்.

அடுத்த மே மாதத்துக்கு: கிளம்புவதற்கு முந்தின நாள் டேங்கைப் புதுப் பெட்ரோலால் நிரப்புங்கள், ஈரக் காற்றுக்கு இடம் இருக்காது. மூடியின் ரப்பரை மாற்றுங்கள். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு ஃப்ளோட் அறையைக் காய வையுங்கள். இந்த ஒரு வேலை கார்புரேட்டரைக் காப்பாற்றும். பேட்டரியைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடச் சொல்லி உறவினர் வீட்டில் கொடுங்கள். 35 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 3.5 ஆம்பியர் போதும். ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். டயரில் 5 பிஎஸ்ஐ கூடுதலாக அடியுங்கள்.

யாரிடமாவது சாவி கொடுப்பதாக இருந்தால், வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து நிறுத்தச் சொல்லாதீர்கள். செல்ஃப் தின்ற கரன்ட்கூடத் திரும்ப ஏறாது, ஆயிலிலும் சைலன்சரிலும் தண்ணீர்தான் சேரும். இருபது நாளைக்கு ஒருமுறை 20 கிலோமீட்டர் ஓட்டி வரச் சொல்லுங்கள். அப்படி ஆள் இருந்தால் பேட்டரியைக் கழற்றவோ ஃப்ளோட் அறையைக் காய வைக்கவோ தேவையில்லை. ஆள் இல்லாவிட்டால் சைலன்சர் வாயைப் பாலிதீனால் கட்டி, அதே நிறத் துணி ஒன்றை ஸ்டியரிங்கிலும் கட்டிவிட்டுப் போங்கள், அக்டோபரில் சாவியைத் திருப்பும் முன் கண்ணில் படும்.